ஐகான், இண்டெக்ஸ், சிம்பல்: தமிழில் என்ன?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மாணவர்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன். படத்திலுள்ள குறிகளை வாசிப்பது எப்படி என்று ஒரு கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பியர்ஸ் சொன்ன மூவகைக் குறிகளுக்குச் சொல் வேண்டும். பொருளைப் போலத் தோன்றுவது ஐகான். நெருப்புக்குப் புகைபோல, நேரடித் தொடர்பால் காட்டுவது இண்டெக்ஸ். வழக்கத்தால் பொருள் பெறுவது சிம்பல். படிமம், சுட்டி, குறியீடு என எழுதியிருக்கிறேன். சரியா?

---

ஐயா, படிமம் என்றால் கவிதை நினைவுக்கு வரும், சுட்டி என்றால் கணினி. ஒப்புக்குறி, தடக்குறி, இடுகுறி என்று வைக்கலாம். மூன்றாவதை நன்னூலே தந்திருக்கிறது. காரணமில்லாமல் வழங்கும் பெயர் இடுகுறிப்பெயர்தானே.

---

தடக்குறி வேண்டாம். 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்கிறது தொல்காப்பிய உரியியல். தடக்கை பெரிய கை என்றால் தடக்குறி பெரிய குறி என்றாகிவிடும். 'தடம்' பெயர்ச்சொல், 'தட' உரிச்சொல். தொகையில் இரண்டும் ஒன்றுபோல நிற்கும். சுவட்டுக்குறி என்றால் குழப்பமில்லை.

---

தடக்கை இன்று யார் வாயில் வருகிறது? வழித்தடம், கால்தடம் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சிக்கல் இடுகுறியில்தான். லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியம் இருக்கிறது. தம்பதியின் காலடியில் ஒரு குட்டி நாய். நாயைப் போலவே இருப்பதால் அது ஒப்புக்குறி. விசுவாசம் என்று வாசித்தால் சிம்பல். ஆனால் அந்த வாசிப்புக்குக் காரணம் இருக்கிறதே! அப்படியானால், முள் என்ற காரணம் இருந்தும் ஒரு செடிக்கு மட்டுமே வழங்கும் முள்ளியைப் போலக் காரண இடுகுறி என்றல்லவா சொல்ல வேண்டும்? பின்சுவரில், கண்ணாடிக்கு மேலே 'யான் வான் ஐக் இங்கிருந்தான், 1434' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. எழுத்துகள் வழக்கத்தால் பொருள் தருபவை. ஓவியர் விட்டுப்போன கைச்சுவடாகப் பார்த்தால் அதுவே தடக்குறி. 1934இல் கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கி அந்த வரியைத் திருமணச் சாட்சியாக வாசித்தார்; பின்வந்த பலர் மறுத்தார்கள். வகைகளைப் பெட்டிகளாக நினைக்க வேண்டாம் என்று கையேட்டில் எழுதுங்கள்.

---

அந்த நாய்க்கு உள்ளுறை என்ற பெயரே பொருந்தும். கருப்பொருளை வைத்து உள்ளே வேறொன்றைச் சொல்வதில் நம் புலவர்கள் கைதேர்ந்தவர்கள்.

---

உள்ளுறை பாட்டுக்குப் பாட்டு மாறும், அந்தந்தச் சூழலில்தான் விரியும். சிம்பலோ ஒரு சமூகம் முழுவதும் ஒப்புக்கொண்டது. கலக்க வேண்டாம். அப்புறம், படத்தின்முன் நிற்கிற பிள்ளைகளுக்குக் காரண இடுகுறியை விளக்கிக்கொண்டிருந்தால் எப்போது படத்தைப் பார்ப்பார்கள்? குறியீடு போதும், எல்லாருக்கும் புரியும்.

---

எல்லாருக்கும் நன்றி. ஒப்புக்குறி, தடக்குறி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். குறியீடு என்பதைக் கணினிக் 'கோடு'க்கும் (code) சொல்வதால் மூன்றாவதற்கு வழக்குக்குறி என்று போடுகிறேன். நாயையும் அந்தக் கண்ணாடிச் சுவரையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைக்கிறேன்.

---

வழக்கு என்றதும் மாணவருக்கு நீதிமன்றம்தான் தோன்றும். மரபுக்குறி என்று மாற்றுங்கள். சுவட்டுக்குறியை இன்னும் கைவிடவில்லை; மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.