பொங்கல் லீவு: முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டு வாண்டுகள். வண்டலூரா, வேடந்தாங்கலா?

வில்லிவாக்கம்காரன்:
வணக்கம் மக்களே. பொங்கல் லீவில் ஒரு நாள் முழுக்க வெளியே போக யோசனை. நான், மனைவி, 7 வயது மகள், 3 வயது மகன், 68 வயது அம்மா. அம்மா சமதரையில் அரை கிலோமீட்டர் மெதுவாக நடப்பார், படி என்றால் முடியாது. சொந்தக் கார் கிடையாது. தேவைப்பட்டால் வாடகைக் கார் எடுக்கலாம். காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்கா போகலாம் என்கிறாள் மகள். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் போனால் சின்னவன் பொறுமையாக இருப்பானா என்று மனைவிக்குச் சந்தேகம். சாப்பாடு வீட்டிலிருந்துதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டேரிக்கரை:
காணும் பொங்கலன்று மட்டும் வண்டலூர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் சார். வருஷத்திலேயே அதிகக் கூட்டம் சேரும் நாட்களில் அது ஒன்று. பேட்டரி வண்டிக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, கழிவறைக்கு வரிசை. உங்கள் அம்மாவுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் சிரமம் என்பதை மறந்துவிட வேண்டாம். பொங்கல் முடிந்து அடுத்த வாரம் ஏதாவது வார நாளில் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிப் போங்கள். செவ்வாய் மட்டும் வேண்டாம், அன்று வாராந்திர விடுமுறை. பண்டிகை வாரத்தில் சில சமயம் செவ்வாயன்றும் திறப்பதாக அறிவிப்பார்கள், அதை நம்பி இறங்கினால் கூட்டமும் சேர்ந்தே வரும்.

பூங்காவின் பரப்பு 600 ஹெக்டேருக்கு மேல். முழுச் சுற்றையும் கைக்குழந்தையோடு நடந்து முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிக்கெட்டை முதல் நாளே இணையத்தில் எடுத்துவிடுங்கள். காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் இருக்க வேண்டும். உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி வண்டி. அதற்குத் தனி டிக்கெட், இருக்கையும் குறைவு. "கொஞ்சம் சுற்றிவிட்டு வந்து ஏறலாம்" என்று நினைத்தால் 11 மணிக்கு மேல் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அம்மாவும் சின்னவனும் உங்களில் ஒருவரும் வண்டியில் போகட்டும். மகள் இன்னொருவரோடு நடக்கட்டும், எல்லாரும் பறவைக்கூடம் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள். சிங்க உலாவுக்கும் (லயன் சஃபாரி) தனிக் கட்டணம்.

9 மணி என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால், வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழலில் சாய்ந்துவிடும். பெரும்பாலான விலங்குக் காட்சிசாலைகளில் வேட்டை விலங்குகளுக்கு இரை கிடைப்பது சாயங்காலம், இரவுக் கூண்டுக்குத் திரும்பும்போதுதான். அதனால் காலையில் பசியோடு நடமாடும், மதியம் தூங்கும். 12 மணிக்குப் போய்விட்டு "ஒண்ணுமே அசையல" என்று புலம்புகிறவர்கள் ஏராளம். முதல் இரண்டு மணி நேரத்தைப் புலி, சிங்கம், குரங்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வன, பறவைகளைப் பிறகு பார்க்கலாம், அவை எங்கேயும் போய்விடாது.

பிளாஸ்டிக் பை, ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, கப் எல்லாம் வாசலிலேயே மாட்டும். தமிழ்நாடு முழுக்கவே அவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டப்பா, துணிப்பை போதும்.

வில்லிவாக்கத்திலிருந்து ரயில் சுலபம். சென்ட்ரலின் புறநகர் நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா நிலையம் போய்ச் செங்கல்பட்டு வண்டி பிடித்தால் வண்டலூரில் இறங்கலாம். தாம்பரம் வரை மட்டும் போகும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். பலரும் செய்கிற தப்பு அது. ஆனால் சுரங்கப்பாதையில் படி உண்டு. அம்மாவுக்காக அந்த ஒரு இடத்தைத் தவிர்க்க வேண்டுமானால், போகும்போது மட்டுமாவது கார் எடுங்கள்.

கூழைக்கடா:
மேலே சொன்னது சரிதான். ஆனால் ஜனவரியில் சென்னையில் இருந்துகொண்டு வேடந்தாங்கலை விடுவதா? வண்டலூர் எந்த மாதமும் இருக்கும். பறவைகள் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான்.

ஒரே நிபந்தனை, ஏரியில் தண்ணீர் இருக்க வேண்டும். மழை பொய்த்த வருஷம் பறவை வராது. கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில். சுற்றிலும் தண்ணீர் நின்றால்தான் நாயோ காட்டுப்பூனையோ கூட்டை நெருங்காது. அதனால் கிளம்புமுன் ஏரி நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். மதுராந்தகம் பக்கம் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு போன் போதும்.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். வண்டலூரில் கூண்டுக்குக் கூண்டு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். இங்கே ஏரிக்கரை மேல் ஒரே நேரான நடைபாதை, உட்கார இருக்கைகள் உண்டு. அம்மா முதல் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டாலும் எதிரில் நூற்றுக்கணக்கில் பறவைகள். ஜனவரியில் கூட்டில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும், பெரிய பறவை இரையோடு வந்து இறங்கும். மூன்று வயதுக்கு அது போதும். காட்சிக்கோபுரம் ஏற வேண்டாம். படி உண்டு, அம்மாவுக்கு அங்கே வேலையில்லை.

மகளுக்கு நான்கே நான்கு பறவைகளை மட்டும் காட்டுங்கள். நத்தை குத்தி நாரை: அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்க அதுதான் வசதி. கரண்டிவாயன்: தண்ணீரில் தலையை இடதும் வலதுமாக ஆட்டி ஆட்டித் துழாவும். பாம்புத்தாரா: நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே நீட்டியிருக்கும், தூரத்தில் பாம்புதான் என்று தோன்றும். அதன் இறகு நனையும் என்பதால் கிளையில் சிறகை விரித்துக் காயவைக்கும். நான்காவது கூழைக்கடா (பெலிகன்), என் பெயரே அதுதான், அதை அறிமுகம் செய்யவே தேவையில்லை.

ஒரு திருத்தம், போகிற வழியிலேயே யாராவது சொல்வார்கள்: "எல்லாம் சைபீரியாவிலிருந்து வருது." இல்லை. மரத்தில் கூடு கட்டுகிற நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள், இங்கே குஞ்சு பொரிக்கத்தான் கூடுகின்றன. வடக்கிலிருந்து வருபவை ஊசிவால் வாத்து மாதிரியானவை. தண்ணீரில் கும்பலாக மிதக்கும், இங்கே கூடு கட்டாது.

பைனாகுலர் இருந்தால் 8x42 அல்லது 8x32 எடுங்கள் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்). 10x கையில் ஆடும், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் இரண்டு குழலையும் மடக்கி மகளின் கண் இடைவெளிக்கு ஏற்றபடி நெருக்குங்கள். பெரியவர்கள் அளவிலேயே கொடுத்துவிட்டு "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டால் அவளுக்குக் கறுப்புதான் தெரியும். பிறகு வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி வலது குழலில் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். பறவையை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துபோகும்.

வழி: அம்பத்தூரில் பைபாஸ் ஏறி பெருங்களத்தூர், அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை (திருச்சி நெடுஞ்சாலை). செங்கல்பட்டு, பாலாறு பாலம் தாண்டிப் படாளம் கூட்டுரோட்டில் வலதுபுறம் திரும்பணும். காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்குள் கரையில் இருக்கலாம். இல்லையேல் மதியம் போய் 3 மணியிலிருந்து 6 மணி வரை இருங்கள், பறவைகள் கூட்டம் கூட்டமாக அடையத் திரும்பும் நேரம். நடுப்பகல் வேண்டாம். லீவு முடிந்து ஊரெல்லாம் சென்னைக்குத் திரும்புகிற நாளின் சாயங்காலமும் வேண்டாம், பரனூர் டோல்கேட்டிலிருந்து வண்டி ஊர்ந்துதான் வரும்.

சரணாலயத்தில் சத்தம் போடாதீர்கள், போனில் பாட்டு வைக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காதவர்கள். 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அவர்கள் கணக்கு தெளிவு.

மடிப்பாக்கம் மாமி:
ரெண்டு பேரும் பறவையும் புலியும் சொல்லிட்டேள், சாப்பாட்டை யாரும் சொல்லலை.

தயிர்சாதம் மதியத்துக்குள்ள புளிச்சுப் போறதுக்குக் காரணம் தயிர் அதிகம். ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணி விட்டுக் குழைய வடிங்கோ. சுடச்சுட மசிச்சு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கோ. காய்ச்சி ஆறின பால் ஒன்றரை டம்ளர், தயிர் ரெண்டே ஸ்பூன், கடைசில உப்பு. வழியிலேயே பால் உறைஞ்சு 12 மணிக்குச் சரியான பதத்துல இருக்கும். கொதிக்கிற சாதத்துல தயிரை விட்டா திரிஞ்சுடும், உறையவும் உறையாது. சூடா டப்பாவை மூடினா மூடியில வேர்த்த தண்ணி சாதத்துல சொட்டி அதுவே கெட்டுப்போக வழி. முழுசா ஆறட்டும், அப்புறம் மூடுங்கோ.

புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமா. எலுமிச்சை சாதம்னா அடுப்பை அணைச்ச பிறகு சாறு பிழியணும், இல்லேன்னா கசக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம், வெயில்ல முதல்ல ஊசிப்போறது அதுதான். தொட்டுக்க ஊறுகாய், வடகம்.

தண்ணி அஞ்சு பேருக்கு 6 லிட்டர். எல்லாத்தையும் ஒரே கேன்ல தூக்காதேங்கோ, ஆளுக்கொரு பாட்டில்னா முதுகு தப்பிக்கும். அம்மாவோட மாத்திரையைச் சாப்பாட்டுப் பையில வைக்காம உங்க சட்டைப் பையில வையுங்கோ. பையைக் குரங்கு தூக்கிண்டு போனா மாத்திரையும் போயிடும். அம்மா ஷூ போடட்டும், கரைமேல ரப்பர் செருப்பு வழுக்கும்.

வில்லிவாக்கம்காரன்:
எல்லாருக்கும் நன்றி. காணும் பொங்கலுக்கு வண்டலூர் இல்லை என்று வீட்டில் அறிவித்தாயிற்று, மகள் முகம் தூக்கி வைத்திருக்கிறாள். லீவு முடிகிற சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கார் எடுத்து வேடந்தாங்கல். வண்டலூர் பிப்ரவரியில். இடையில் அரை நாளுக்கு ஊருக்குள்ளேயே ஏதாவது? கிண்டி எப்படி?

ஓட்டேரிக்கரை:
அரை நாளுக்குக் கிண்டி சிறுவர் பூங்கா கச்சிதம். தேசியப் பூங்காவுக்குள் நம்மால் சும்மா போக முடியாது, அதன் ஓரத்தில் சர்தார் படேல் சாலையில் இருப்பதுதான் இது. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, 1972-இல் ஆரம்பித்தது. அதற்குத் தனி டிக்கெட். இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: புள்ளிமானையும் வெளிமானையும் கொம்பை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். புள்ளிமானின் கிளைக்கொம்பு வருஷாவருஷம் விழுந்து முளைக்கும். வெளிமான் கிடாயின் முறுக்குக் கொம்பு விழாது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வேண்டுமானால் தனியாகப் போய்ப் பாருங்கள், பூநாரை அருமை. 200 அடி ரேடியல் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி மூன்று வயதுப் பையனை இறக்குவது மட்டும் வேண்டாம், லாரி போகிற சாலை.

கூழைக்கடா:
மகளைச் சமாதானம் செய்ய ஒன்று. மார்ச்சில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு சாயங்காலம் கூட்டிப் போங்கள். பங்குனி ஆமை முட்டையைப் பொரிப்பகத்தில் வைத்து, 45 நாளையொட்டிக் குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுவார்கள். 1988 முதல் மாணவர் ஆமைப் பாதுகாப்புக் குழு செய்துவருகிற வேலை இது. தினமும் குஞ்சு வெளிவராது, அதனால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இரவில் மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து கூடு தேடும் நடையும் உண்டு. அது சின்னவனுக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராது.

போனால் கவனிக்க வேண்டியது: போன் டார்ச், ஃபிளாஷ் எதுவும் கூடாது. குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் திரும்பும், நம் வெளிச்சத்தைப் பார்த்தால் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் ஊரும். குஞ்சு விடும் இடத்தில் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டிப் போக வேண்டாம். ஈர மணலில் நம் குதிகால் பதிந்த குழி, உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுக்குக் கிணறு. உள்ளே விழுந்தால் ஏறி வரத் திணறும், காக்கை அதற்குத்தான் காத்திருக்கும். மகளைக் கையால் அந்தக் குழிகளை நிரவிவிடச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் மாமி:
சனிக்கிழமை 5 மணிக்குக் கார்னா குழந்தைகளை எழுப்பி இட்லி ஊட்டிண்டு நிக்காதேங்கோ. மிளகாய்ப்பொடி தடவின இட்லி டப்பாவுல, செங்கல்பட்டு தாண்டி ஓரமா நிறுத்திச் சாப்பிடுங்கோ. பாலைக் குடிச்சுட்டு வண்டி ஏறினா சின்னவன் பைபாஸ் முடியறதுக்குள்ள வாந்தி எடுப்பான்.