பார்சிலோனாவில் மூன்று நாள், எதை விடக் கூடாது?

கேள்வி (மதுரை):
அக்டோபரில் வேலையாகப் பாரிஸ் போகிறேன், அப்படியே மூன்று நாள் பார்சிலோனா பார்க்க ஆசை, அம்மாவும் வருகிறார், சுத்த சைவம். எங்கே போகலாம்?

பதில் (திருமங்கலம்):
சக்ராடா ஃபமிலியா தேவாலயம்தான் முதலில். 1882இல் தொடங்கிய வேலை. உள்ளே தூண்கள் மரம்போலக் கிளை விரித்து நிற்கும், மாலை வெயில் சிவப்புக் கண்ணாடி வழியாகத் தரையில் விழும்போது, புதுமண்டபத் தூண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே பேச்சு வரவில்லை. டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

பதில் (அண்ணாநகர்):
அம்மாவுக்குத் தக்காளி ரொட்டி கேளுங்கள். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். அப்புறம், ராம்ப்லா தெருவில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நடப்பதுபோலப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், என் போன் அங்கேதான் பறிபோனது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.