ஐப்பசி மழையில ஒட்டிக்கிட்ட கிச்சன் கதவு

கோத்தகிரி டீச்சர்:

கப்போர்டு கதவு உரசுது, இறங்குது, ஒண்ணுக்கொண்ணு சேர மாட்டேங்குதுன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, படிச்சேன். எல்லாரும் கதவையேதான் பாக்கறீங்க. நானும் ஒரு மாசம் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், அதான் எழுதறேன்.

எங்களுது கோத்தகிரியில பழைய ஓட்டு வீடு. போன வருஷம் கிச்சனை மாத்தலாம்னு கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில பெட்டி, கதவு எல்லாம் செய்யச் சொல்லி, ஏப்ரல் மாசம் வேன்ல ஏத்திட்டு வந்து, இறக்கின அன்னைக்கே மாட்டிட்டு சாயங்காலமே கீழ இறங்கிட்டாங்க. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஐப்பசி வந்துச்சு. எங்க பக்கம் தென்மேற்கு மழையை விட இந்த மழைதான் பலமா பெய்யும். ரெண்டு வாரம் வெயிலே இல்ல, ஜன்னலைத் திறந்தா மேகம் நேரா கிச்சனுக்குள்ள வருது, உப்பு டப்பா தண்ணி விட்டுப்போச்சு. அப்பதான் சிங்க்குக்குக் கீழ இருக்கற ஜோடிக் கதவு நடுவுல உரச ஆரம்பிச்சு, ஓரத்துல மைக்கா பேந்துச்சு. அடுப்புப் பக்கத்துக் கதவோ மேல மூடினா கீழ ஒரு விரக்கடை தள்ளி நிக்குது.

பட்டறைக்கு ஃபோன் பண்ணினா "ஹிஞ்ச் ஸ்க்ரூவைத் திருகுங்க மேடம், சரியாயிடும்"னாங்க. திருகினேன். இந்தக் கதவு சரியானா பக்கத்துக் கதவு போயிடும், அதைச் சரி பண்ணினா இது போயிடும், தினமும் ஸ்கூல் விட்டு வந்து ஸ்க்ரூடிரைவரும் கையுமா உக்காந்து அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் அரவேணு பக்கத்துல இருந்து வயசான ஆசாரி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் கதவைத் தொடவே இல்ல. எல்லாத்தையும் கழட்டிச் சுவர்ல சாத்திட்டு, ரசமட்டத்தைப் பெட்டியோட அடிப்பலகையில வெச்சாரு. குமிழ் நகந்து போய்க் கோட்டுக்கு வெளிய நின்னுச்சு. டேப்பை மூலைக்கு மூலை பிடிச்சாரு, ஒரு பக்கம் 1,060 மி.மீ., இன்னொரு பக்கம் 1,067. "டீச்சரம்மா, கதவு நேராத்தான் இருக்கு, பெட்டிதான் கோணிக்கிட்டு நிக்குது. நீங்க நேரா இருக்கறதைப் போட்டு முறுக்கிக்கிட்டு இருக்கீங்க"ன்னாரு. பழைய வீட்டுத் தரை, கழுவி விட்ட தண்ணி வெளிய போக வாட்டம் வெச்சுப் போட்டது, அதுமேல அப்படியே பெட்டியை வெச்சுச் சுவரோட முறுக்கிட்டாங்க. சுவர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, காலைத் திருகி உயர்த்தி, காலுக்கு அடியில மெல்லிசா ப்ளைவுட் சில்லு கொடுத்து, ரெண்டு மூலை அளவும் ஒண்ணா வந்த பிறகுதான் கதவை எடுத்தாரு.

அதுக்கப்புறம் 8 கதவும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. ஆட்டோ ஹிஞ்ச்ல (கதவுல குழி போட்டுப் பதிக்கற, தானா மூடிக்கற கீல்) மூணு வேலை இருக்கு. பெட்டியில பதிச்சிருக்கற தகட்டோட ஸ்க்ரூவைத் தளர்த்தினா கதவு மேல கீழ நகரும், கதவுக்குக் கிட்ட இருக்கற திருகு பக்கவாட்டுக்கு, உள்ள தள்ளி இருக்கறது முன்ன பின்ன போறதுக்கு. முதல்ல உயரம், அப்புறம் பக்கம், கடைசியாதான் முன்ன பின்ன. ஒரு தடவைக்குக் கால் சுத்துதான், உடனே மூடிப் பாக்கணும்னு சொன்னாரு. நடு இடைவெளிக்கு 1 மி.மீ. மைக்கா துண்டு மூணை ஒட்டி ஒரு கட்டை பண்ணினாரு, அது மேல இருந்து கீழ வரைக்கும் தட்டாம ஆடாம போகணும், அவ்வளவுதான் அளவு. அந்தத் துண்டை நான் பத்திரமா டிராயர்ல வெச்சிருக்கேன்.

ரெண்டு கதவு மட்டும் தேறல. ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்கு வெச்சுப் பாத்தா நடுவுல 4 மி.மீ. வெளிச்சம் தெரியுது, வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. முன்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிட்டு உள்பக்கம் வெறும் பெயின்ட் அடிச்சு விட்டிருக்காங்க, ஈரம் அந்தப் பக்கமா மட்டும் ஏறினா பலகை வளையத்தானே செய்யும்? இதை எந்தத் திருகாலயும் நிமித்த முடியாதுன்னு சொல்லிட்டாரு. புது 18 மி.மீ. பிளை வாங்கி, ரெண்டு வாரம் எங்க கிச்சன்லயே படுக்க வெச்சிருந்து, அப்புறம்தான் அறுத்தாரு. உள்பக்கமும் 0.8 மி.மீ. லைனர், அதாவது மெல்லிசு மைக்கா ஒட்டி, நாலு ஓரத்தையும் அடைச்சாச்சு. கோயம்புத்தூர் 400 மீட்டர் உயரம், நாம 1,800 மீட்டர்கிட்ட இருக்கோம். கீழ காஞ்ச பலகையை மேல கொண்டு வந்த அன்னைக்கே மாட்டறது எனக்கு இப்ப நினைச்சாலும் கோவம் வருது.

கொடைக்கானல் நாயுடுபுரம்:

அக்கா, உங்களுக்குப் பிளை, எங்களுக்கு முழு மரம். கடப்பா கல் தட்டு, முன்னாடி மரச்சட்டம், சட்டத்துக்குள்ள உக்கார்ற மாதிரி தேக்குப் பலகைக் கதவு. மாசி மாசம் நல்லா காஞ்சு கிடந்தப்ப ஒரு கோடு இடைவெளி விட்டு நெருக்கமா இழைச்சு மாட்டினாங்க, கார்த்திகையில இழுத்தா கைப்பிடிதான் கையோட வருது, கதவு வரல. அவசரப்பட்டு அந்த ஈரத்துலயே இழைக்கச் சொன்னேன், அது என் தப்பு, அடுத்த மாசியில பாத்தா 5 மி.மீ. இடைவெளி, பல்லி உள்ள போகுது. மரம் நீளத்துல ஒண்ணும் ஆகறதில்ல, அகலத்துலதான் ஊதும் சுருங்கும். இப்ப புதுக் கதவு போட்டு, மழையும் இல்லாம பனிக்கால வறட்சியும் இல்லாத நேரமா பாத்து 3 மி.மீ. விட்டோம். இன்னொண்ணு, பாலிஷை முன்னாடி பின்னாடி மட்டும் அடிச்சு விட்டுடறாங்க, மேல் முனையும் கீழ் முனையும்தான் தண்ணியை அதிகமா குடிக்கற இடம், அங்க ரெண்டு கோட்டு கூடவே கேட்டு வாங்குங்க. சட்டத்துக்குக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மலிவா கிடைக்குதேன்னு மட்டும் போட்டுடாதீங்க, எங்க சித்தப்பா வீட்டுல முறுக்கி எடுத்துடுச்சு.

குன்னூர் கார்பென்டர்:

டீச்சர் எழுதினது நூத்துக்கு நூறு சரி. நான் கூடச் சேக்கறது ஒண்ணு. ஹிஞ்சே தப்பா வாங்கிட்டா மட்டம் பாத்தும் பிரயோஜனம் இல்ல. ஓரத்துப் பலகை முழுசையும் மூடற கதவுக்கு நேர் ஹிஞ்ச் (அதோட கை வளையாம நேரா இருக்கும்), நடுப்பலகை ஒண்ணை ரெண்டு கதவு பங்கு போட்டுக்கிட்டா பாதி வளைவு, கொடைக்கானல் நண்பர் சொன்ன மாதிரி உள்ள உக்கார்ற கதவுக்கு முழு வளைவு. ஹிஞ்ச் உக்கார்றதுக்குக் கதவுல 35 மி.மீ. குழி, 18 மி.மீ. பிளையில 12, 13 மி.மீ. ஆழத்துக்கு மேல போகாதீங்க, பிட்டுல டேப் சுத்தி அடையாளம் வெச்சுக்கங்க. ஸ்க்ரூ ஓட்டை லூஸாயிட்டா பெரிய ஸ்க்ரூவை ஏத்தறதை விட மூங்கில் குச்சியில பசை தடவி அடிச்சு, காஞ்சதும் அதே ஸ்க்ரூ. இங்க சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் கேளுங்க.

கோத்தகிரி டீச்சர்:

நன்றி தம்பி. இன்பாக்ஸ்ல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, கைப்பிடி இருக்கற பக்கம் தொங்குதுன்னு. பெட்டி மட்டமா இருக்கான்னு முதல்ல பாத்துக்கம்மா. சரியா இருந்தா, மேல் ஹிஞ்ச்ல கதவை ஹிஞ்ச் பக்கமா இழு, கீழ் ஹிஞ்ச்ல கைப்பிடி பக்கமா தள்ளு, ரெண்டும் கால் கால் சுத்து. எங்க வீட்டுல தை மாசம் உறைபனி விழுந்தப்ப ஜோடிக் கதவுல ஒண்ணுக்கு மட்டும் இப்படி வந்துச்சு, நானே திருகி மைக்கா துண்டை விட்டுப் பாத்தேன், மேல இருந்து கீழ வரைக்கும் தட்டாம போச்சு.