புதுப்பிப்பு: இலியோஸ்டமி பையைச் சுற்றி எரிச்சல், இப்போது எப்படி இருக்கிறேன்

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே கொண்டுவந்து, மலம் பையில் சேரும்படி செய்வது) வைத்திருக்கிறார்கள், பையைச் சுற்றித் தோல் வெந்து எரிகிறது, லோக்கல் டிரெயினில் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எரிச்சல் போய்விட்டது.

காரணம், பையைத் தோலில் ஒட்டும் தகட்டில் வெட்டும் துளையின் அளவுதான். புதிதில் ஸ்டோமா, அதாவது வயிற்றுக்கு வெளியே தெரியும் குடல் வாய், வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சுருங்கும். நர்ஸ் அளவு அட்டையை வைத்துக் காட்டினார்: ஸ்டோமாவுக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே சிவந்த தோல் வளையமாகத் தெரிந்தது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் இருக்கும், பட்டால் தோலை அரிக்கத்தானே செய்யும். இப்போது ஸ்டோமாவைவிட 2 மி.மீ. மட்டும் கூடுதலாக விட்டு வெட்டுகிறேன். வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக ஈரம் போனதும் ஒட்டி, உள்ளங்கைச் சூடு படும்படி கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கிறேன். மும்பை மழைக்காலப் புழுக்கத்திலும் கழன்று வரவில்லை. துடைக்கும்போது ஸ்டோமாவில் லேசாக ரத்தம் கசிந்தால் பயப்படாதீர்கள். அங்கே ரத்தக்குழாய்கள் அதிகம்.

சாப்பாட்டில் தேங்காய்ச் சில்லு, காளான், சோளம் வேண்டாம் என்றார்கள், அடைத்துக்கொள்ளுமாம். உப்பும் நீரும் நிறைய வெளியேறுவதால் ஓஆர்எஸ் எப்போதும் கையில் இருக்கிறது.

அப்புறம் டிரெயின். சயானிலிருந்து பரேலுக்குச் செக்கப்புக்குப் போய் வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே காலி செய்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

முதலில் பார்க்கவே தயங்கிய என் மனைவிதான் இப்போது தகடு வெட்டித் தருகிறாள். அதை நினைத்தால் மனம் நிறைகிறது. குடலைத் திரும்ப இணைப்பது பற்றி கீமோ முடிந்ததும் சொல்வார்களாம். தெரிந்ததும் எழுதுகிறேன்.