2010 சிஆர்-வி தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா, இல்லை மைவியே போதுமா?

பி.எம். பையன்:
வணக்கம். வீடு புக்கிட் மெர்தாஜாம் (பி.எம்.), வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில், தினமும் பினாங்குப் பாலம் ஏற வேண்டும், போக வர 60 கிலோமீட்டர் பக்கம் வரும். தெரிந்த ஆசிரியர் ஒருவர் தன்னுடைய 2010 ஹோண்டா சிஆர்-வி 2.0-வை விற்கிறார். ஒரே கை (அவர் ஒருவரே வைத்திருந்தது), மீட்டர் 1 லட்சத்து 80 ஆயிரம், விலை 26 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). 30 ஆயிரம் தேற்றிவிடலாம், கடனே தேவையில்லை. அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், இப்போது இருக்கும் புரோட்டான் சாகாவில் ஏற்றி இறக்குவதற்குள் அவருக்கும் எனக்கும் போதும் போதும் என்றாகிவிடுகிறது. மனைவி புது பெரோடுவா மைவி வாங்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

செந்தூல் மச்சான்:
மனைவி சொல்வது சரி. 15 வயதைத் தாண்டிய காடியை (காரை) ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வைத்துக்கொள்ளலாம், வேலைக்குப் போக அதை நம்பக் கூடாது. சாலை வரியே மைவி 1.5-க்கு 90 வெள்ளி, இதற்கு 439 வெள்ளி பக்கம், ஏனென்றால் எஸ்யூவிக்கு வேறு அட்டவணை. டயரைப் பாருங்கள், 17 இன்ச், ஒன்று வாங்கும் காசில் மைவிக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாங்கலாம். எண்ணெய் குடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய இரும்பு:
மச்சான், சொல்லவே வேண்டாம் என்று தாண்டிப் போகாதீர்கள், சொல்லித்தான் பார்ப்போமே. தினம் 60, மாதம் 22 நாள் என்றால் 1,320 கிலோமீட்டர். ஜாமில் சிஆர்-வி 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன், 158 லிட்டர், பூடி95 (அரசாங்க மானியப் பெட்ரோல்) விலை 1.99-இல் 315 வெள்ளி. மைவி 7 லிட்டர் என்றால் 184. வித்தியாசம் 131 வெள்ளிதான். பாலத்து டோல் இரண்டுக்கும் ஒன்றே, அதை விடுங்கள். ஆனால் புது மைவிக்கு 45 ஆயிரம் கடன், 3 விழுக்காடு, 9 வருடம் என்றால் மாதத் தவணை 530 வெள்ளி வரும். எண்ணெயும் சாலை வரியும் கழித்த பிறகும் வருடத்துக்கு 4,400 வெள்ளி மிச்சம். அத்தனையையும் பட்டறையில் கொட்டினால்கூட நட்டமில்லை. நான் இதைவிட வயதான எஸ்யூவியைத் தினமும் ஓட்டுகிறேன்.

செந்தூல் மச்சான்:
காகிதத்தில் எல்லாக் கணக்கும் இனிக்கும். பட்டறைச் செலவு மாதம் 360 வெள்ளி என்று பிரித்துக்கொண்டு வராது அண்ணே, ஒரே நாளில் 5,000 வந்து நிற்கும். என்னிடம் ஒரு பழைய ஜப்பான் எஸ்யூவி இருந்தது, பெயர் வேண்டாம். கெசாஸ் நெடுஞ்சாலையில் கியர் பாக்ஸ் போய்விட்டது. ஹாஃப்கட் கடையில் (பழைய காடிப் பாகம் விற்கும் கடை) கியர் பாக்ஸ் கிடைக்கும்வரை கிராப் வாடகைக் காரில்தான் வேலைக்குப் போனேன், அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இன்னொன்று, 15 வயதுக்கு மேல் முழுக் காப்புறுதி கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும். கொடுத்தாலும், மோதிவிட்டுச் சொந்தக் காப்புறுதியில் புதுப் பாகம் போட்டால் 'பெட்டர்மென்ட்' என்று ஒரு பங்கை உங்கள் தலையில் கட்டுவார்கள். 10 வயதைத் தாண்டிய காடிக்கு அது 40 விழுக்காடு வரை போகும்.

பழைய இரும்பு:
அதற்காகப் புதுக் காடிதான் வாங்க வேண்டுமென்றால் நாட்டில் பாதிப் பேர் பேருந்துக்குத்தான் நிற்க வேண்டும். தண்ணீர் ஏறும் ஊரில் உயரமான காடி வேண்டாமா? 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் என்ன நடந்தது என்று பி.எம். பையனுக்கே தெரியும்.

பட்டறைக்காரன்:
பட்டர்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கிறேன், இரண்டு பேருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். முதலில், வெள்ளத்துக்காக எஸ்யூவி என்பது அரைகுறைப் பேச்சு, சிஆர்-வி அவ்வளவு உயரமில்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால் எந்தக் காடியும் காலிதான். வெள்ளத்துக்கான காப்புறுதியைத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

இந்த 2.0 எஞ்சினில் டைமிங் செயின், பெல்ட் மாற்றும் செலவில்லை, எஞ்சின் எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருந்தால் நன்றாக ஓடும். அதனால் எஞ்சினைவிட அதைச் சுற்றியுள்ள ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள், விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஏர்கோனைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை டி-யில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். கை நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) போயிருக்கிறது. மேட்டில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர்) தேய்ந்திருக்கிறது. கியர் எண்ணெயை ஒரு துளி டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள், கறுத்துக் கருகிய வாடை வந்தால் நடையைக் கட்டுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருந்தால் அது தண்ணீரில் கிடந்த காடி. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் பக்கம் மூழ்கியவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கும்.

பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை மையத்தில் சோதனை உண்டு, அதில் பாஸ் ஆனாலே காடி நல்லது என்று நினைக்காதீர்கள். கியர் பாக்ஸ் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பது அவர்கள் வேலையில்லை.

கூலிம் அக்கா:
எல்லாரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, டகாட்டா காற்றுப்பை விஷயம் தெரியுமா? அந்தக் காலத்து சிஆர்-வியும் திரும்ப அழைத்த பட்டியலில் உண்டு. வெடிக்கும்போது உலோகத் துண்டு தெறிக்கும் காற்றுப்பை அது, மலேசியாவிலேயே உயிர் போயிருக்கிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மாற்றியாகிவிட்டதா என்று ஹோண்டா சேவை மையத்தில் சொல்வார்கள், மாற்றாவிட்டால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். அது முடியாமல் குழந்தையையும் அம்மாவையும் அதில் ஏற்றாதீர்கள். காடி பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்பதும் சும்மா, 2017-க்குப் பிறகு வந்த மைவி ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது.

அப்புறம், அம்மாவை அந்தக் காடியில் உட்கார வைத்துப் பார்த்தீர்களா? ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் மாதிரி லோரி உயரக் காடியில் முட்டி வலிக்காரர்கள் ஏறவே முடியாது. சிஆர்-வி இருக்கை இடுப்பளவில் இருப்பதால் அநேகமாகச் சரிவரும், ஆனால் உங்கள் அம்மாவின் உயரம் எங்களுக்குத் தெரியாதே.

பி.எம். பையன்:
காற்றுப்பை விஷயம் தெரியாது அக்கா, நன்றி, நாளைக்கே எண் வாங்கிக் கேட்கிறேன். அம்மா இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பட்டறைக்கு அனுப்ப ஆசிரியர் சம்மதித்துவிட்டார், 25 வரை இறங்குவார் போலிருக்கிறது.

பட்டறைக்காரன்:
25-க்கு வாங்கினால் பெயர் மாற்றம், காப்புறுதி, சாலை வரி எல்லாம் கட்டிய பிறகு கையில் என்ன நிற்கும்? இந்த வயதுக் காடிக்கு முதல் வருடத்துக்கென்று 5,000 வெள்ளி தனியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் விலை 23-க்கு வரவேண்டும். இது நான் எல்லாருக்கும் சொல்வதுதான்.

பழைய இரும்பு:
அதில் எனக்கும் மறுப்பில்லை. காடி பட்டறையில் கிடக்கும் நாளில் சாகா இருக்கிறதே, அதில் பாலம் தாண்டிவிடலாம். என் வீட்டிலும் அப்படித்தான் ஓடுகிறது.

பி.எம். பையன்:
சாகாவை விற்றுத்தான் அண்ணே அந்த 30 ஆயிரமே சேரும்.

பழைய இரும்பு:
அடப்பாவி, இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா! நான் ஒரு பக்கம் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இரண்டாவது காடி இல்லாமல் இந்த வயது எஸ்யூவியை வேலைக்கு நம்புவது சரிவராது. அது நல்ல காடிதான், நான் சொன்னதை மாற்றவில்லை, ஆனால் ஒற்றைக் காடியாக வேண்டாம்.

செந்தூல் மச்சான்:
இதைத்தானே முதலிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். சரி, அம்மாவுக்கு மைவி தாழ்வு என்றால் பழைய பெரோடுவா ஆல்சாவைப் பாருங்கள். 1.5 எஞ்சின், ஏறி இறங்க வசதி, பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் தலைமுறை 2022 வரை வந்ததால் வயது குறைந்ததாகவே பிடிக்கலாம்.

கூலிம் அக்கா:
ஆல்சா நல்ல யோசனை. ஆனால் மனைவியும் ஓட்டிப் பார்க்கட்டும், அவரும்தானே ஓட்டப் போகிறார்.

பி.எம். பையன்:
சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் சிஆர்-வியில் உட்கார வைத்துப் பார்க்கிறேன், 23-க்கும் கேட்டுப் பார்க்கிறேன், அந்த விலைக்கு வந்தால் சாகாவை விற்காமல் சமாளிக்க வழியிருக்கிறதா என்று மனைவியிடம் பேச வேண்டும். அதுவரை பி.எம்., செபராங் ஜெயா பக்கம் 2016-க்கு மேல் ஒரே கை ஆல்சா யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கடைக்காரர்கள் வேண்டாம்.