ஆங்கில வழி எம்பிபிஎஸ்: கிர்கிஸ்தானா, ஜார்ஜியாவா? குறைந்த செலவில் எது தகும்?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் முறை நீட் எழுதி 312 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். தகுதி பெற்றுவிட்டாலும் அரசுக் கல்லூரி இடத்துக்கு இது போதாது. சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணமோ, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கும் எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கி, மதுரையில் இரண்டு ஏஜென்ட் அலுவலகங்களுக்குப் போய் வந்தோம்.

ஒருவர் கிர்கிஸ்தானைச் சொல்கிறார். ஐந்தாண்டுப் படிப்பு, விடுதியும் சாப்பாடும் சேர்த்து மொத்தமே 22 லட்சம் ரூபாய் என்கிறார். மற்றவர் சொல்வது ஜார்ஜியா. அங்கே ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 6,000 டாலர் கட்டணம், தங்குவதற்கும் உண்பதற்கும் தனிச் செலவு. இருவரும் தந்த அட்டைகளிலும் 'முழுக்க ஆங்கில வழி', 'தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒப்புதல் பெற்றது' என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டும் ஆங்கில வழிதான், இரண்டுக்கும் ஒப்புதல் உண்டு என்றால், செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதில் தவறு உண்டா? இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று இரு இடத்திலும் அவசரப்படுத்துகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொருநை மருத்துவர்

ஐயா, நான் 2018 இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்குப் போய் 2024 இல் படிப்பை முடித்தவன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் பதிவு பெற எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறி, இப்போது தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருக்கிறேன். உங்கள் நிலையில்தான் என் தந்தையும் அன்று இருந்தார் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'ஒப்புதல்' என்ற சொல்லை அட்டையிலிருந்து அடித்துவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஒப்புதல் தருவதில்லை. அப்படி ஒரு பட்டியலும் அதனிடம் இல்லை. அது 2021 நவம்பர் 18 அன்று விதிமுறைகளை மட்டுமே அறிவித்தது. அந்த நாளுக்குப் பின் சேர்ந்தவர்கள் குறைந்தது 54 மாதங்கள் ஒரே கல்வி நிறுவனத்தில், ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் மேலும் 12 மாதங்கள் பயிற்சி மருத்துவராக இருந்திருக்க வேண்டும். படித்த நாட்டின் குடிமக்கள் மருத்துவம் பார்க்க என்ன உரிமம் பெறுகிறார்களோ, அதைப் பெறும் தகுதி இவர்களுக்கும் இருக்க வேண்டும். இவ்வளவும் முடித்து ஊர் திரும்பிய பிறகு இந்தியாவில் 12 மாதப் பயிற்சி உண்டு. சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு கிடைப்பது அரிது. இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவர் வேலை உங்கள் மகளை விமானம் ஏற்றியதும் முடிந்துவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்து அந்த 'ஐந்தாண்டு' என்பதைப் பாருங்கள். ஒரு கல்வியாண்டு பத்து மாதம் என்றால் ஐந்தாண்டு 50 மாதம்தானே? பாடத்திட்டத்தில் மாதக் கணக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பயிற்சி ஆண்டு அதற்குள் அடங்குகிறதா, தனியே வருகிறதா என்பதைக் கல்லூரியின் கடிதத்தாளில் கேட்டு வாங்க வேண்டும். பிலிப்பைன்ஸுக்குப் போன பலர் சிக்கிக்கொண்டதும் இந்தக் கணக்கில்தான். அங்கே பல கல்லூரிகளில் முதலில் ஓர் உயிரியல் பட்டம் படித்து, அதன் பிறகு நான்காண்டு மருத்துவம் படிக்க வேண்டும். அந்த நான்காண்டுக்கு 48 மாதங்கள்தான் ஆகின்றன.

உரிமத்தைப் பற்றிய விதியையும் லேசாக எண்ண வேண்டாம். ஜார்ஜியாவில் ஆறாண்டுப் பட்டம் பெற்றவுடன் தனித்து மருத்துவம் பார்த்துவிட முடியாது. ரெசிடென்சி எனும் பட்டமேற்பயிற்சியும் அரசுத் தேர்வும் வேண்டும். ரஷ்யாவில் பட்டத்துக்குப் பின் எழுத வேண்டிய தகுதித் தேர்வு ரஷ்ய மொழியில்தான் நடக்கிறது. நான் விதிமுறைக்கு முன்பே சேர்ந்தவன் என்பதால் இது என்னைத் தொடவில்லை. உங்கள் மகளைத் தொடும்.

இனி 'முழுக்க ஆங்கில வழி' என்பதற்கு வருகிறேன். வகுப்பறையில் அது உண்மைதான். முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் ஆங்கிலத்தில் நல்லபடியாகவே நடந்தன. எங்கள் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் போனபோதுதான் படுக்கையில் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது உறைத்தது. ஜார்ஜிய மொழிக்கு 33 எழுத்துகள் கொண்ட தனி எழுத்துமுறை உண்டு. கேஸ் ஷீட்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை அந்த எழுத்தில்தான் இருக்கும். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்று சொல்லி அனுப்பிய என் ஏஜென்ட், அதன் பின் தொலைபேசியை எடுக்கவில்லை. 'சாத் க்ட்கிவாத்', அதாவது எங்கே வலிக்கிறது, என்ற ஒரு கேள்வியை நான் மனப்பாடம் செய்து கேட்டேன். அந்த முதிய பெண்மணி பத்து நிமிடம் பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. அன்றிரவே ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் மொழி கற்கத் தொடங்கினேன். என் வகுப்பில் மொழியைக் கற்றவர்கள் நோயாளியைத் தொட்டுப் படித்தார்கள். கற்காதவர்கள் பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்றே மூன்று ஆண்டுகளைக் கழித்தார்கள். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் ஆனாலும் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் ஆனாலும் இதே நிலைதான். மொழி மட்டும் மாறும்.

அடுத்தது எஃப்எம்ஜிஇ. 300 வினாக்கள், தேற 150 வேண்டும், ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 2024 ஜூன் தேர்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள். என் முதல் தோல்விக்குக் காரணத்தை இப்போது தெளிவாகச் சொல்வேன். பாம்புக்கடியையும் பூச்சிமருந்து குடித்து வருபவர்களையும் நான் அங்கே பார்த்ததே இல்லை. டெங்கு, மலேரியா, தொழுநோய் எல்லாம் பாடநூலின் ஓரத்தில் ஒரு பத்தியாக வந்து போயின. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையையும் காசநோய் ஒழிப்புத் திட்டத்தையும் அங்கே யாரும் கற்பிக்கவில்லை, கற்பிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. இங்கே வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கண்ணாடி விரியன் கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருடைய இரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை, என்னைவிட இரண்டு வயது இளையவரான ஒரு ஹவுஸ் சர்ஜன்தான் எனக்குக் கற்றுத்தந்தார். ஆகவே மகள் எங்கே போனாலும், இரண்டாம் ஆண்டிலிருந்தே இந்தியப் பாடநூல்களையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஓய்வுபெற்ற வங்கியாளர்

டாக்டர் தம்பி எழுதியதோடு, கடன் வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சேர்க்கிறேன். பொதுத்துறை வங்கிகளில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 விழுக்காட்டை நீங்கள் போட வேண்டியிருக்கும். இவை பலரும் அறிந்தவை. பலர் கவனிக்காதது தவணை தொடங்கும் நாள்.

படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும் என்பதே பொது வழக்கம். பொறியியல் படித்தவருக்கு அந்த ஓராண்டு போதும். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவருக்குப் போதாது, ஏனென்றால் அவர் அந்த நேரத்தில் எஃப்எம்ஜிஇக்குப் படித்துக்கொண்டிருப்பார், அல்லது ஹவுஸ் சர்ஜனாக இருப்பார். ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் ஆறு ஆண்டுகளில் 24 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும், ஏழாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 10 லட்சத்து 80 ஆயிரம் சேர்ந்துவிடும். அந்த 34 லட்சத்து 80 ஆயிரத்தைப் பதினைந்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 37,000 ரூபாய். பயிற்சிக் கால உதவித்தொகை இதைத் தாங்காது. ஆகவே படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் முதல் இரண்டு ஆண்டுத் தவணைக்கான பணத்தை இப்போதே ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியில் எந்த நாடு கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுங்கள். கட்டணம் டாலரில் என்பதையும் மறக்கக் கூடாது. 2018 இல் 70 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், 2024 இல் 83ஐத் தாண்டியிருந்தது. ஏஜென்ட் சொல்லும் 'மொத்தம்' இன்றைய டாலர் விலையில் போட்டது.

தேனித் தாய்

என் மகள் பிஷ்கெக்கில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். 2024 மே மாதம் 17 ஆம் தேதி இரவு வெளிநாட்டு மாணவர் விடுதிகளை ஒரு கும்பல் தாக்கியபோது, அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் உள்ளேயே இருந்தாள். வெளியே வர வேண்டாம் என்று தூதரகமும் அறிவித்திருந்தது. அந்த மூன்று நாள் நான் உறங்கவில்லை. அதன் பின் நிலைமை சீரானது. அவள் அங்கேயே தொடர்கிறாள், அங்கே புழங்கும் ரஷ்ய மொழியும் ஓரளவு பேசுகிறாள். நாடு வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, இரவில் மருத்துவமனையிலிருந்து திரும்ப என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள், ஐயா. நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் சொன்ன செலவில் குளிர்கால உடை, காப்பீடு, விசா நீட்டிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விமானச் செலவு ஒன்றும் இல்லை.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வங்கி ஐயா போட்ட கணக்கை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. டாக்டர் தம்பியிடம் இன்னும் இரண்டு கேள்விகள். மாத இறுதிக்குள் பணம் கட்டச் சொல்லும் அவசரத்துக்கு நாங்கள் கட்டுப்பட வேண்டுமா? கல்லூரியிடம் நேரடியாக என்ன கேட்டு எழுதுவது?

பொருநை மருத்துவர்

அவசரத்துக்குக் கட்டுப்பட வேண்டாம், ஐயா. வெளிநாட்டுப் படிப்பைப் பொறுத்தவரை நீட் முடிவு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இந்தச் செப்டம்பரில் போகாவிட்டாலும் மகளின் தகுதி அழிந்துவிடாது. விசாரிக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டாலும் இழப்பில்லை.

கடிதத்தை ஏஜென்ட் வழியாக அனுப்பாமல், கல்லூரி இணையதளத்தில் உள்ள டீன் அலுவலக முகவரிக்கு மகளையே எழுதச் சொல்லுங்கள். படிப்பு எத்தனை மாதம், 12 மாதப் பயிற்சி அதற்கு வெளியே தனியாக உண்டா, அது எந்த மருத்துவமனையில் நடக்கும், பட்டம் பெறும் வெளிநாட்டவர் அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையாகப் பதிவு பெற முடியுமா, அதற்கான தேர்வு எந்த மொழியில் என்பவற்றைக் கேட்கட்டும். பதில் கையொப்பத்துடன் வர வேண்டும். 'ஆம், எல்லாம் விதிப்படிதான்' என்று ஒற்றை வரியில் வந்தால் அதைப் பதிலாக ஏற்க வேண்டாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுத் தமிழ் மாணவர்கள் இருவரிடமாவது, ஏஜென்ட் அறிமுகம் செய்யாதவர்களாகப் பார்த்துப் பேசுங்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் ஊரின் அழகைச் சொல்வார்கள். ஐந்தாம் ஆண்டினரிடம் நேற்று எத்தனை நோயாளிகளைப் பரிசோதித்தாய் என்று கேட்கலாம்.

சேர்ந்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள். பழைய கடவுச்சீட்டு எதையும் தொலைக்கக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பி இணையவழியில் படித்த பலரிடம், ஈடான நேரடி வகுப்புக்குச் சான்று கேட்டார்கள். நான் திபிலிசியிலேயே தங்கிவிட்டதால் கடவுச்சீட்டின் முத்திரைகளே நான் அங்கேயே இருந்து படித்ததற்குச் சான்றாயின.

வைகைக்கரை

இன்று மாலை மகளே இரண்டு கல்லூரிகளுக்கும் எழுதி அனுப்பிவிட்டாள். ஏஜென்டிடம் முன்பணம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். பதில்கள் வந்ததும் அவற்றை இங்கே அப்படியே பதிகிறேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.