பெரிய வீட்டுக் குழு: ஞாயித்துக்கிழமை சாசேஜ்

கவிதா: *அவசரம்!! சாசேஜ் எல்லாத்தையும் அரசாங்கம் தடை பண்ணிடுச்சு. உடனே பகிரவும்* (பார்வேர்டு)

கவிதா: பர்த்டேக்கு ஆறு பாக்கெட் வாங்கியாச்சே

செந்தில்: அய்யோ

முரளி சித்தப்பா: மொத்தமா தடைன்னு வராதும்மா. திரும்பப் பெறச் சொன்னா கம்பெனி பேரு, பேட்ச் நம்பர், கடைசித் தேதி மூணும் அறிவிப்புல இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லை. பேட்ச் நம்பரை போட்டோ எடுத்துப் போடு.

நித்யா: வெந்ததுன்னு போட்டிருக்கு, ஆனா ரோஸா இருக்கே

முரளி சித்தப்பா: அது சோடியம் நைட்ரைட். இறைச்சியோட நிறமியில சேர்ந்து அந்த நிறம் வரும். பாட்டுலிசம்ங்கிற உணவு விஷ நோயைக் கொடுக்கிற கிருமி வளராமத் தடுக்கத்தான் போடறாங்க, அதுக்கும் உச்ச அளவு இருக்கு. அமெரிக்காவுல அரைச்ச இறைச்சிக்கு 10 லட்சம் பங்குக்கு 156 பங்குதான். அதனால நிறத்தை வெச்சு வெந்துச்சான்னு சொல்ல முடியாது.

மணி பெரியப்பா: கேன்சர் வரும்னாங்களே

முரளி சித்தப்பா: உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல சொன்னது. இந்த மாதிரி பதப்படுத்தின இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்னா பெருங்குடல் கேன்சர் வாய்ப்பு 18 சதவீதம் கூடும்னு. ஒரு நாள் விருந்துக்கு அந்தக் கணக்கு இல்லண்ணா. எனக்குக் கவலை லிஸ்டீரியா.

செந்தில்: அது என்ன

முரளி சித்தப்பா: ஃபிரிட்ஜ் குளிர்லயும் வளர்ற கிருமி. ஃபேக்டரியில வேகவைக்கும்போது செத்துடும். அப்புறம் சாசேஜ் மேலுறையை உரிக்கிற, ஸ்லைஸ் போடற இடத்துல திரும்ப ஒட்டிக்கும். ஸ்லைசர் பிளேடுக்குப் பின்னாடி கொழுப்பு படிஞ்ச இடம், தரை வடிகால், அங்கேதான் இன்ஸ்பெக்டருங்க பஞ்சால துடைச்சு எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. தென்னாப்பிரிக்காவுல 2017-18ல போலனின்னு ஒரு சாசேஜ்ல பரவி 200 பேருக்கு மேல செத்தாங்க. சாம்பிள் டெஸ்ட் 25 கிராமுலதான், ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்க்க முடியாது.

முரளி சித்தப்பா: நித்யா, மாசமா இருக்கிறதால சூடு பண்ணாம ஒரு துண்டும் வேண்டாம்மா. நடுப்பகுதி 74 டிகிரி வரணும். தெர்மாமீட்டர் முனையை நட்ட நடுவுல குத்திப் பாருங்க. ஃப்ரீசர்ல வெச்சாலும் கிருமி சாகாது.

நித்யா: சரி சித்தப்பா 🙏

உஷா சித்தி: பாக்கெட் எங்கே இருக்கு? ராதா அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்லயா? கதவு ரப்பர் சரியில்லைன்னு அப்பவே சொன்னேன்

ராதா பெரியம்மா: ஆரம்பிச்சுட்டியா உஷா. உன் வீட்டுல இடம் இருந்தா வெச்சிருக்கலாமே

மணி பெரியப்பா: இப்ப 9 டிகிரி காட்டுது

முரளி சித்தப்பா: அண்ணா, 4க்குக் கீழ இருக்கணும். எத்தனை நாளா 9?

மணி பெரியப்பா: தெரியலையே

கவிதா: ரெண்டு பாக்கெட் லேசா உப்பியிருக்கு

முரளி சித்தப்பா: அந்த ரெண்டையும் பிரிக்காதே, மோந்தும் பார்க்காதே. அப்படியே கவர்ல கட்டிக் குப்பையில போடு. ஃபிரிட்ஜ்ல அது இருந்த தட்டைச் சோப்புப் போட்டுத் துடைச்சுடு.

செந்தில்: மீதி நாலு?

முரளி சித்தப்பா: எத்தனை நாள் 9ல இருந்துச்சுன்னு தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

ராதா பெரியம்மா: நேத்துதான் வெச்சோம் முரளி

உஷா சித்தி: நேத்து இல்ல, செவ்வாய்க்கிழமை வெச்சீங்க அக்கா

கவிதா: அப்ப மெனு என்ன?? கேக் யாரு எடுத்துட்டு வர்றீங்க?

செந்தில்: கேக் நான்

மணி பெரியப்பா: ரப்பர் மாத்த ஆள் யாராவது இருந்தா நம்பர் அனுப்புங்க